64-ஆம் வாய்ப்பாடும் நீல ஆக்சலாட்டலும்: சர்வைவல் கேமில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

ஒரு அம்மாவின் கேள்வி இது: "மகன் ஆறாம் வகுப்பு. லீவு விட்டால் மைன்கிராஃப்ட்தான். திட்டினால், 'இதுவும் படிப்புதாம்மா, கணக்கு, சயின்ஸ் எல்லாம் இதுல வருது' என்கிறான். இந்த மாதிரி சர்வைவல் கேம்கள் பள்ளிப் பாடத்துக்கு உண்மையிலேயே உதவுமா, இல்லை சாக்குச் சொல்கிறானா?"

இரண்டும்தான். சாக்குத்தான் சொல்கிறான், ஆனால் அவன் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். வீட்டில் அக்கா மகனோடு உட்கார்ந்து இந்த கேம்களை நானும் விளையாடுகிறேன், பெரும்பாலும் அவனிடம் திட்டு வாங்கிக்கொண்டு. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "சர்வைவல்" என்றதும் பல பெற்றோருக்கு ஞாபகம் வருவது பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் இந்திய அரசு தடை செய்தது. அவற்றில் கடைசி ஆளாக மிஞ்சுகிறவர் ஜெயிப்பார். கை வேகம் வரும், வேறு பெரிதாக ஒன்றும் வராது. நான் பேசப்போவது வேறு வகை. மைன்கிராஃப்ட் அதில் ஒன்று: கனசதுரக் கட்டங்களாலான உலகத்தில் தோண்டி, விதைத்து, வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். பசி, தாகம், குளிர், இருட்டு, மூச்சு இவற்றோடுதான் இதில் சண்டை. கையில் இருப்பது கொஞ்சம், தேவை அதிகம். அந்தப் பற்றாக்குறைதான் பிள்ளையைக் கணக்குப் போட வைக்கிறது.

அது எப்படி என்பதற்கு ஒரு சம்பவம். அக்கா மகன் எட்டாம் வாய்ப்பாட்டிலேயே தடுமாறுகிறவன். ஒருநாள் விளையாடிக்கொண்டே "ஏழு ஸ்டாக் இருக்கு, 448" என்றான். மைன்கிராஃப்டில் பையின் ஒரு கட்டத்துக்குள் 64 பொருள்தான் அடுக்க முடியும், அதுதான் ஒரு ஸ்டாக். 64-ஐ ஏழால் பெருக்கியதை அவன் பெருக்கலாகவே நினைக்கவில்லை. ஒரு பெட்டியில் 27 கட்டம், அப்படியானால் 1,728 பொருள். 1,728 என்பது 12-இன் கனம் என்று நான் சொன்னபோது "அப்படியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் வேலையில் இறங்கிவிட்டான். சரி, அவனுக்குத் தேவையான எண் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

கோதுமை வயல் கதை இன்னும் நல்லது. வரிக்கு வரி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டிருந்தான். பாதி நிலம் வாய்க்காலுக்கே போய்விட்டது.

"ஒரு வாளித் தண்ணி எவ்வளவு தூரம் ஈரமாக்கும்டா?"

"நாலு கட்டம் வரைக்கும், மாமா."

"அப்போ ஒரு வாளிக்கு எத்தனை கட்டம் விதைக்கலாம்?"

"நாலு நாலு பதினாறு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அப்புறம் மண்வெட்டியால் ஒவ்வொரு கட்டமாக எண்ண ஆரம்பித்தான். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவில் தண்ணீர் ஒன்று. ஆக ஒரு பக்கத்துக்கு ஒன்பது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81, தண்ணீர்க் கட்டத்தைக் கழித்தால் 80. பதினாறு என்று நினைத்த இடத்தில் எண்பது! மறுநாளே எல்லா வாய்க்காலையும் மூடிவிட்டு ஒன்பதுக்கு ஒன்பது பாத்தி போட்டான். பரப்பளவுக் கணக்கில் இரண்டு பக்கமும் போய் நடுவை மறக்கும் தப்பை நான் வகுப்பில் ஆண்டுதோறும் திருத்துகிறேன். அவனுக்கு அதை அந்தக் கோதுமை திருத்திக் கொடுத்தது.

இது நடக்க வேண்டுமானால் கேம் "சர்வைவல்" முறையில் ஓடவேண்டும். உங்கள் மகன் எந்த முறையில் விளையாடுகிறான் என்று பாருங்கள். "கிரியேட்டிவ்" முறையில் எல்லாப் பொருளும் அளவில்லாமல் கிடைக்கும். அழகாகக் கோட்டை கட்டலாம், ஆனால் எண்ணிப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. "பீஸ்ஃபுல்" என்று வைத்தால் பூதங்கள் வராது, நல்லதுதானே என்று பெற்றோர் நினைப்பார்கள். அதில் பசியும் எடுக்காது, பசி இல்லாவிட்டால் வயலுக்கு வேலை இல்லை. "ஈஸி"யில் வைப்பதுதான் சரி. இன்னொன்றையும் பாருங்கள்: அவன் விளையாடுகிறானா, அடுத்தவர் விளையாடுவதை யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறானா? இரண்டாவதற்கு இந்தப் பதிலில் எதுவும் பொருந்தாது.

கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. அறிவியல் அப்படி வராது. கேமில் இருக்கும் இயற்கை பல இடங்களில் தப்பு. ஆனால் ஆசிரியனாக எனக்குப் பிடித்ததே அந்தத் தப்புகள்தான். தண்ணீர் எத்தனை கட்டம் பாயும், எந்த ஆழத்தில் வைரம் கிடைக்கும் என்று அந்த உலகத்தின் விதிகள் பிள்ளைக்கு விரல்நுனியில் இருக்கின்றன. ஆகவே "நிஜத்தில் இப்படித்தானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதிப் பாடம் ஏற்கெனவே நடந்துமுடிந்திருக்கும்.

தீப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைன்கிராஃப்டில் அதன் வெளிச்சம் 14, ஒவ்வொரு கட்டம் தள்ளும்போதும் ஒன்று குறையும். 14, 13, 12 என்று நேர்க்கோட்டில் இறங்கும். நிஜத்தில் மெழுகுவர்த்தியிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிவிடும். மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒன்று. இரண்டையும் ஒரே வரைபடத்தாளில் போடச் சொல்லுங்கள். ஒன்று நேர்க்கோடாகவும் இன்னொன்று சட்டென்று சரியும் வளைகோடாகவும் வரும். ஏன் என்று அவனே கேட்பான்.

சூரியனும் அப்படித்தான். அங்கே ஒரு நாள் என்பது 20 நிமிடம், அதாவது நம் நாளைவிட 72 மடங்கு வேகம். சூரியன் சரியாகக் கிழக்கில் உதித்து, தினமும் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் அது வருடத்துக்கு இரண்டே நாள்தான், ஏப்ரல் கடைசி வாக்கிலும் ஆகஸ்டிலும். நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் குச்சி நட்டுப் பார்ப்பார்களே, அதேதான். மைன்கிராஃப்டில் தினமும் நிழலில்லா நாள். அங்கே பருவகாலமும் கிடையாது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பூமியின் 23.5 டிகிரி சாய்வுக்கு வந்து சேரலாம்.

இரும்பு உலை எனக்கு மிகவும் பிடித்தது. கேமில் இரும்புத் தாதுவை உலையில் போட்டு, ஒரு மரப்பலகையை எரித்தால்கூட இரும்பு வந்துவிடும். நிஜத்தில் கரி வெறும் எரிபொருள் இல்லை. தாதுவோடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போவதும் அதுதான். பாடப்புத்தகம் ஒடுக்கம் என்று சொல்வது இதைத்தான். சூடும் போதாது, துருத்தி போட்டு ஊதவேண்டும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. "உன் உலையில் துருத்தி எங்கேடா?" என்று கேட்டால் வரலாற்றுப் பாடமும் சேர்ந்து வந்துவிடுகிறது. அதே சமயம் சில விஷயங்களில் கேம் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். எரிமலைக் குழம்பின் மேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன் கிடைக்கும். நிஜத்திலும் அப்சிடியன் என்பது குழம்பு படிகமாக நேரமில்லாமல் சட்டென்று குளிர்ந்து உண்டாகும் எரிமலைக் கண்ணாடிதான்.

உயிரியலில் இரண்டு சங்கதிகள். 2017-இல் மைன்கிராஃப்டில் கிளிகள் வந்தன. முதலில் அவற்றைச் சாக்லேட் பிஸ்கட் கொடுத்துப் பழக்கும்படி வைத்திருந்தார்கள். சாக்லேட் பறவைகளுக்கு விஷம், இதைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் வீட்டுக் கிளிக்கும் கொடுத்துவிடுவார்கள் என்று விளையாடுகிறவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாற்றிவிட்டார்கள். இப்போது விதை கொடுத்தால்தான் பழகும், பிஸ்கட் கொடுத்தால் செத்துவிடும்.

இன்னொன்று ஆக்சலாட்டல். மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ நீர்நிலைகளில் வாழும், பல்லி மாதிரி உருவமுள்ள நீர்வாழ் உயிரினம், வெட்டுப்பட்ட கால் திரும்ப முளைக்கும், இயற்கையில் கிட்டத்தட்ட அழியும் நிலை. 2021-இல் கேமுக்குள் வந்தது. ஜோடி சேர்த்துக் குட்டி எடுத்தால் 1,200-இல் ஒரு வாய்ப்பில் நீலநிறக் குட்டி பிறக்கும். பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த நீலம்தான் வேண்டும். "1,200 தடவை செய்தால் கட்டாயம் வந்துடும்ல?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வராது. 1,200 தடவை முயன்றாலும் ஒருமுறையாவது வருவதற்கான நிகழ்தகவு சுமார் 63 சதவீதம்தான். அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு நிற்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே பகடையும் காசும் வைத்து இதைப் புரியவைக்க எனக்குத் தொண்டை வற்றும். நீல ஆக்சலாட்டல் என்றால் ஆறாம் வகுப்பு உட்கார்ந்து கேட்கிறது. கணக்கு முழுதாகப் புரியாது, ஆனால் "கட்டாயம் வரும்" என்ற நினைப்பு உடைந்துவிடும். அது உடைந்தாலே போதும்.

இனிப் பெரிய பிள்ளைகளுக்கு. ஒன்பது, பத்தாம் வகுப்பில் வேதியியல் பிடிக்காத பிள்ளை இருந்தால் "ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்" என்ற கேமைக் காட்டுங்கள். கனடாவின் க்ளெய் நிறுவனம் 2019-இல் முழுமையாக வெளியிட்டது. பாறைக்குள் மாட்டிக்கொண்ட சிலரை மூச்சுத் திணறாமல் காப்பாற்றவேண்டும். அதில் தண்ணீரைப் பிரிக்கும் கருவி ஒன்று உண்டு. நொடிக்கு 1,000 கிராம் தண்ணீர் உள்ளே போகும், 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் வெளியே வரும். ஏன் 888? அதிகமாக விளையாடியவனுக்கும் தெரியாது, மனப்பாடமாக வைத்திருப்பான். இப்போது தனிம வரிசை அட்டவணையை எடுங்கள். ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் இரண்டு சேர்ந்து 2, மொத்தம் 18. 16-ஐ 18-ஆல் வகுத்தால் 0.888. எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் இதைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும் "சார், அவங்க சும்மா ஒரு நம்பர் போடலையா!" என்றான். மூலக்கூறு நிறை என்ற சொல் அதற்கு முன் பத்துத் தடவையாவது என் வாயிலிருந்து அவன் காதில் விழுந்திருக்கும்.

அதே கேமில் பொய்யும் இருக்கிறது. ஒருவருக்கு நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும், 600 நொடி ஒரு நாள், ஆக நாளுக்கு 60 கிலோ. நிஜ மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோகூட ஆகாது. ஏன் இவ்வளவு கூட்டிவைத்தார்கள்? கூட்டாவிட்டால் பற்றாக்குறை வராது, கேம் சப்பென்று போய்விடும். அப்புறம், கார்பன் டை ஆக்சைடு அங்கே தண்ணீர் மாதிரி கீழே தேங்கும், விளையாடுகிறவர்கள் அதற்கென்றே அடியில் குழி வெட்டிவைப்பார்கள். திறந்த இடத்தில் வாயுக்கள் இப்படி அடுக்கடுக்காக நிற்காது, கலந்துவிடும். ஆனால் காற்றோட்டமில்லாத பள்ளத்தில் தேங்கத்தான் செய்யும். 1986 ஆகஸ்டில் கேமரூனின் நியோஸ் ஏரி கக்கிய கார்பன் டை ஆக்சைடு பள்ளத்தாக்கில் இறங்கிச் சுமார் 1,700 பேரைக் கொன்றது. நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்ததும் இதற்காகத்தான். (கழிவுநீர்த் தொட்டியில் அந்த விளக்கு வேலையே கூடாது. அங்கே மீத்தேன் இருக்கும், தீப்பிடிக்கும். இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறேன்.)

கடலுக்கடியில் நடக்கும் "சப்னாட்டிகா" இயற்பியலுக்கு நல்லது. தொடக்கத்தில் மூச்சு 45 நொடிக்குத்தான், சின்ன நீர்மூழ்கி 200 மீட்டர் வரைதான் தாங்கும். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று வைத்தால் 200 மீட்டரில் மேலே இருக்கும் காற்றையும் சேர்த்து 21 மடங்கு. "21 மடங்கு" என்ற எண்ணுக்கு வகுப்பில் எந்தப் பிள்ளையும் அசைந்ததில்லை. நீர்மூழ்கி நொறுங்கும் சத்தத்தைக் கேட்டவன் அசைவான். கேமில் எவ்வளவு ஆழத்திலிருந்தும் சர்ரென்று மேலே வரலாம். நிஜத்தில் அப்படி வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி ஆளை முடக்கிவிடும். சோடா பாட்டிலைத் திறந்து காட்டினால் புரிந்துவிடும்.

வரலாற்றுக்கு வருகிறேன். பலருக்குத் தெரியாத விஷயம், கணினியில் வந்த சர்வைவல் கேம்களில் மிகப் பழைய ஒன்று வகுப்பறைக்காகவே எழுதப்பட்டது. 1971-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 1840-களில் மாட்டுவண்டி கட்டி மிசௌரியிலிருந்து ஓரிகன் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் போன குடியேறிகளின் கதை. நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் நிரல் எழுதினார்கள், இரண்டே வாரத்தில். திரை கிடையாது. டெலிடைப் எந்திரம் காகிதத்தில் அச்சடித்துத் தள்ளும்: இவ்வளவு உணவு மிச்சம், இவ்வளவு தோட்டா மிச்சம். வேட்டையாட "பேங்" என்று தட்டச்சு செய்யவேண்டும், எவ்வளவு வேகமாக அடிக்கிறாயோ அவ்வளவு இறைச்சி. அதுதான் "தி ஓரிகன் ட்ரெயில்".

பருவம் முடிந்ததும் கணினியிலிருந்து அதை அழித்துவிட்டார்கள். ஆனால் ராவிட்ச் நிரலைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்தார். 1974-இல் மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது உட்கார்ந்து முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்தார். அப்போது அவர் செய்த ஒரு திருத்தம் எனக்கு முக்கியம். அந்தப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய், வண்டி முறிவு, மோசமான வானிலை எல்லாம் எத்தனை தடவை வந்தன என்று பார்த்து, கேமிலும் அந்த விகிதத்துக்கு மாற்றினார். பிள்ளை விளையாட்டில் வயிற்றுக்கடுப்பு வந்து செத்தால் அதற்குப் பின்னால் யாரோ எழுதிவைத்த நாட்குறிப்பு இருக்கிறது. அதிலும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடி மக்களின் கண்ணில் இந்தப் பயணம் எப்படித் தெரிந்தது என்பது அதில் வரவே இல்லை. 2021-இல் கேம்லாஃப்ட் நிறுவனம் அதைப் புதிதாகச் செய்தபோது பூர்வகுடி வரலாற்றாசிரியர்களை வைத்துத் திருத்தினார்கள். கதையை யார் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு எட்டாம் வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

போலந்தின் "திஸ் வார் ஆஃப் மைன்" (2014) இன்னொரு தினுசு. 1992 முதல் 1996 வரை சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்ததை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் சிப்பாய் இல்லை, மருந்தும் விறகும் தேடும் சாதாரண ஆள். 2020-இல் போலந்து அரசு இதை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 18 வயதானவர்களுக்கான கேம். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம்.

மொழிப் பாடத்துக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் கொஞ்சம் சொல் சேரும், பெரும்பாலும் கல், மண், கருவி வகையறா. தமிழுக்கு ஒரு வழி உண்டு: மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் (கணினியில் ஓடுவது) மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. ஒரு வாரம் அதில் விளையாடச் சொல்லுங்கள். "இந்த வார்த்தை சரியில்ல, நான் வேற வைப்பேன்" என்று சண்டைக்கு வருவான். வரட்டும். முதல் இரவை உயிரோடு கடப்பது எப்படி என்று தாத்தா பாட்டிக்குப் புரியும்படி ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். என் அக்கா மகனின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கள் அம்மா கேட்டது: "மரத்தைக் கையாலயா குத்தி உடைக்கிறான்?"

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேம் மட்டும் விளையாடி யாரும் பரீட்சையில் கூடுதல் மார்க் வாங்கியதாக நான் பார்க்கவில்லை. 888-ஐ மனப்பாடமாக வைத்திருந்த பையன் அதை மனப்பாடமாகவேதான் வைத்திருந்தான், யாரும் கேட்காதவரை. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு கேம் தெரிந்திருக்கத் தேவையில்லை. சாப்பிடும்போது "இன்னைக்கு உனக்கு எது தீர்ந்துபோச்சு?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் எண் இருந்தால் கணக்கு, காரணம் இருந்தால் அறிவியல். திட்டும் தொனியில் கேட்டால் மட்டும் பதில் வராது.

நேரத்தை மணிக்கணக்கில் வைப்பதைவிட கேமின் நாள்கணக்கில் வைத்துப் பாருங்கள். மூன்று நாள் என்றால் ஒரு மணிநேரம். பாதியில் நிறுத்தச் சொன்னால் நடுராத்திரியில் பூதங்களுக்கு நடுவே விட்டுவிட்டு வர எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. விடிந்ததும் நிறுத்து என்றால் வந்துவிடுகிறான். ஆன்லைன் சர்வரில் தெரியாதவர்களோடு விளையாடுகிறானா, காசு கட்டிப் பொருள் வாங்குகிறானா என்பதை மட்டும் நீங்களே பாருங்கள். அந்த இரண்டிலும் பாடம் கிடையாது, தொல்லைதான்.

நீல ஆக்சலாட்டல் கிடைத்துவிட்டதா என்று உங்கள் மகனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், எத்தனையாவது தடவையில் என்றும் சேர்த்து. எங்கள் வீட்டில் 340 தாண்டிவிட்டது, இன்னும் வரவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்: நாலில் மூன்று பேருக்கு இதற்குள் வந்திருக்காது. "உன் கணக்கை நீயே வச்சுக்கோ மாமா" என்று சொல்லிவிட்டு 341-க்கு மீன் பிடிக்கப் போய்விட்டான்.